சின்னக் காரில் குழந்தை சீட்: வாங்குவதும் பூட்டுவதும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போக எதற்குத் தனி சீட், ஆயா மடியில் உட்கார்ந்துகொண்டால் போதாதா என்றுதான் பல வீடுகளில் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நின்றால், 10 கிலோ குழந்தை 110 கிலோவுக்கு மேற்பட்ட எடையின் விசையோடு முன்னால் பாயும். 25 கிலோ அரிசி மூட்டை நான்கை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. பெரியவரையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட் போட்டால் இன்னும் மோசம்: மோதும்போது பெரியவரின் உடல் குழந்தையை பெல்ட்டோடு வைத்து நசுக்கும்.

சட்டம் சொல்வது சுருக்கம்தான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயது நிரம்பாத பிள்ளை காரில் இருந்தால் சீட் பெல்ட்டோ குழந்தைக்கான தாங்கு இருக்கையோ பூட்டியிருக்க வேண்டும். தவறினால் வண்டி ஓட்டுபவருக்கு 1000 ரூபாய் அபராதம். பெரியவருக்கான பெல்ட் சின்னக் குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும்தான் விழும் என்பதால், பெல்ட்டை மட்டும் மாட்டினால் சட்டத்துக்குப் போதும், குழந்தைக்குப் போதாது.

லேபிளைப் படிப்பது

இந்தியாவில் குழந்தை சீட்டுக்கான தரம் ஏஐஎஸ்-072. ஐ.நா.வின் விதி 44ஐ ஒட்டி எழுதப்பட்டது. கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் பெரும்பாலான சீட்டுகளில் விதி 44 லேபிளைப் பார்க்கலாம். சீட்டின் பின்புறமோ அடியிலோ ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கும். வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும்; அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும். அதற்குக் கீழே உள்ள நீண்ட எண் 03 அல்லது 04 என்று தொடங்க வேண்டும். லேபிளே இல்லாமல், 'சேஃப்டி டெஸ்டட்' என்று அட்டைப்பெட்டியில் மட்டும் அச்சடித்த மெத்தை சீட்டுகள் நிறைய விற்கின்றன. காரின் பெல்ட்டைப் பயன்படுத்தாமல் சீட் முதுகில் நாடாவால் கட்டும் வகை அது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

விதி 44 எடையை வைத்துப் பிரிக்கிறது: 0+ பிரிவு 13 கிலோ வரை, 1ஆம் பிரிவு 9 முதல் 18 கிலோ, 2ஆம் பிரிவு 15 முதல் 25, 3ஆம் பிரிவு 22 முதல் 36. புதிய விதி 129 உயரத்தை வைத்துப் பிரிக்கிறது, பக்கவாட்டு மோதலையும் சோதிக்கிறது. அந்த விதிப்படி 15 மாதம் தாண்டும்வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். எந்த லேபிள் சீட் வாங்கினாலும் இந்தப் 15 மாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை கனம், கழுத்து பிஞ்சு. முன்னோக்கி உட்கார்ந்தால் மோதலில் தலை மட்டும் தனியாகப் பாயும், பின்னோக்கி உட்கார்ந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டே சேர்த்துத் தாங்கும். 'கால் மடங்கிக் கிடக்கிறதே' என்று பாட்டிமார்கள் கவலைப்படுவார்கள். கால் மடங்குவதால் ஒன்றும் ஆகாது. உச்சந்தலை சீட்டின் மேல் விளிம்பைத் தொடப்போகும்போதோ, எடை வரம்பு முடியும்போதோதான் மாற்ற வேண்டும்.

உறவினர் வீட்டில் சும்மா கிடக்கும் சீட்டை வாங்கிக்கொள்ளலாமா? அது விபத்தில் சிக்கியதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்து, தயாரிப்புத் தேதியும் கையேடும் இருந்தால் சரி. ஒரு முறை பலமாக மோதிய சீட்டின் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். கடையில் பழைய சீட்டாக விற்பதன் கதை யாருக்கும் தெரியாது, அதனால் வேண்டாம்.

வாங்கும் முன் காரைப் பாருங்கள்

பணம் கட்டும் முன் காரைக் கடை வாசலுக்கே கொண்டுபோய்ச் சீட்டை வைத்துப் பார்ப்பது நல்லது. பின்னோக்கிய சீட்டில் பெல்ட் சீட்டைச் சுற்றி வர வேண்டும். பழைய சின்னக் கார்களில் பல நேரம் பெல்ட் நீளம் எட்டாது. முன்சீட்டை முழுதாக முன்னுக்குத் தள்ளாமல் சீட் உட்காருகிறதா என்றும் பாருங்கள்.

பின்சீட்டில் மூன்று முனை பெல்ட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நடு இடத்தில் பல கார்களில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலான சீட்டுகள் அதற்குப் பொருந்தாது. நம் தெருக்களுக்கு இடதுபக்கப் பின்சீட்தான் வசதி. திருவொற்றியூர் ஹைரோட்டில் வலதுகதவைத் திறந்து குழந்தையை இறக்கும் நிலை வரக்கூடாது.

ரெக்ஸின் சீட் கவர் போட்ட கார்களில், குறிப்பாக வாடகைக் கார்களில், பின்பக்க பக்கிள் கவருக்குள் புதைந்து கிடக்கும். கவரை வெட்டியாவது வெளியே எடுங்கள். அடியில் தடிமனான ஃபோம் வைத்துத் தைத்த கவர் என்றால் அந்த இடத்தில் கழற்றிவிடுவது மேல். ஃபோம் மெல்ல மெல்ல அமுங்கும், நேற்று இறுக்கமாக இருந்த சீட் நாளைக்கு ஆடும். பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் அலாரத்தை வாயடைக்கச் சொருகும் கிளிப் பக்கிளில் இருந்தால் தூக்கி எறியுங்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றை இணையக் கடைகளிலிருந்து நீக்க உத்தரவிட்டது.

காரின் பின்சீட்டும் அதன் முதுகும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்பட்டால் ஐசோஃபிக்ஸ் இருக்கிறது, அதாவது பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை நேராகக் காரோடு பூட்டும் வசதி. கம்பியின் தடிமன் 6 மி.மீ. காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் கடல் காற்றில் நிற்கும் கார்களில் இந்தக் கம்பியில் துரு ஏறும். மேலே படிந்த துருவைத் துணியால் துடைக்கலாம், செதில் செதிலாக உரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் அதில் மாட்டாதீர்கள்.

பூட்டும் முறை

ஐசோஃபிக்ஸ் என்றால் சீட்டிலிருந்து நீளும் இரண்டு பூட்டுக் கைகளையும் கம்பியில் 'க்ளிக்' என்று கேட்கும்வரை தள்ளி, இரண்டு பக்கமும் பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பச்சை வந்தால் மாட்டவில்லை என்றே அர்த்தம். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான தப்பு. மூன்றாவது பிடிமானம் இல்லாவிட்டால் மோதும்போது சீட் முன்னால் கவிழும். அது டாப் டெதர் (சீட்டின் மேல்பகுதியிலிருந்து வரும் நாடா) என்றால் டிக்கியிலோ சீட் முதுகின் பின்னாலோ நங்கூரக் குறியிட்ட கொக்கியில் மாட்டி இறுக்க வேண்டும். சாமான் கட்டும் கொக்கி அதற்கு ஆகாது. தரையில் ஊன்றும் கால் இருந்தால், அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் மேட்டை எடுத்துவிட்டுத் தரையோடு பதியவிடுங்கள். தரைக்குக் கீழே சாமான் அறை உள்ள காரில் அந்தக் கால் ஊன்றக்கூடாது.

பெல்ட்டில் கட்டுவதற்குப் பொறுமை வேண்டும். சீட்டில் நிறக்குறி இருக்கும்: பின்னோக்கிய பாதைக்கு நீலம், முன்னோக்கியதற்குச் சிவப்பு. பெல்ட்டை முறுக்கில்லாமல் அந்தப் பாதையில் நுழைத்துப் பக்கிளில் மாட்டுங்கள். பிறகு சீட்டின் மேல் முட்டியை ஊன்றி, உடல் எடையைக் கொடுத்தபடி முதலில் இடுப்புப் பகுதியையும் அப்புறம் குறுக்குப் பகுதியையும் இழுங்கள். நம் கார்களின் பெல்ட் திடீரென இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும். சாதாரணமாக இழுத்தால் தளரும். அதனால் சீட்டில் உள்ள பூட்டுக் கிளிப்பை மூடியே ஆக வேண்டும். பக்கிள் சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் முட்டி மடங்கி நின்றால் அந்த இடத்தில் அந்தச் சீட் பொருந்தாது; மோதலில் பக்கிள் உடையலாம். மறுபக்கம் வைத்துப் பாருங்கள்.

முடித்ததும் பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து அசையுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் மறுபடி கட்டுங்கள். தலைப்பக்கத்தைப் பிடித்து அசைத்தால் எந்தச் சீட்டும் ஆடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் பை குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் சீட்டை மொத்தமாக அடிக்கும். 2021 ஏப்ரல் முதல் புது மாடல் கார்களில் ஓட்டுநர் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம்.

குழந்தையை உட்கார வைப்பது

தோள்பட்டை நாடாக்கள் பின்னோக்கிய சீட்டில் தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழேயோ, முன்னோக்கியதில் சமமாகவோ கொஞ்சம் மேலேயோ வர வேண்டும். இறுக்கியபின் காறை எலும்பு மேல் நாடாவை நெடுக்காகக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இழுக்க வேண்டும். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி நாடா போட முடியாது, கால் பிரிந்திருக்க வேண்டும். முதலில் பூட்டி, பிறகு மேலே துணி போர்த்துங்கள். வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகும் நாளில் பட்டுப்பாவாடை தொடைக்கு நடுவே குவியும். அதை ஒதுக்கிவிட்டுப் பூட்டுங்கள். அரைஞாண் கொடியும் பக்கிளுக்கு அடியில் சிக்காமல் பாருங்கள்.

பச்சிளம் குழந்தையின் முகவாய் மார்பில் சாய்ந்தால் மூச்சுப்பாதை குறுகும். தயாரிப்பாளர் சொன்ன சாய்வில் வைத்து, முதல் வாரங்களில் அரை மணிக்கு மேல் தொடர்ந்து உட்கார வைக்காதீர்கள். குறைமாதக் குழந்தை என்றால் டிஸ்சார்ஜ் செய்யும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

18 கிலோ தாண்டிய பிள்ளைக்கு முதுகு உள்ள பூஸ்டர், அதாவது காரின் பெல்ட் சரியாக விழும்படி பிள்ளையை உயர்த்தும் சீட், சரி. தலையணை வைத்து உயர்த்துவது வேண்டாம், அது நழுவிப் பெல்ட்டை வயிற்றுக்கு ஏற்றும். இடுப்பு பெல்ட் தொடை மேலும், குறுக்கு பெல்ட் தோள் நடுவிலும் விழ வேண்டும். சுமார் 150 செ.மீ. உயரம் வந்து, முதுகு ஒட்டி உட்கார்ந்து முட்டி சீட் விளிம்பில் மடங்கினால் பூஸ்டரை எடுத்துவிடலாம்.

வண்டி ஸ்கூட்டர்தான் என்றால், 2023 பிப்ரவரி 15 முதல் 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு ஹார்னஸ் கட்டாயம்; 30 கிலோ தாங்கும் நைலானில், உயரம் சரிசெய்யும்படி இருக்க வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரை தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் முன்னால் நிற்க வைத்து ஓட்டினால், திடீர் பிரேக்கில் முதலில் ஹேண்டில்பாரில் மோதுவது குழந்தையின் முகம்.

பராமரிப்பு

மே மாத வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் இரும்பு தோலைச் சுடும். சீட் மேல் வெள்ளைத் துணி போர்த்தி நிறுத்துங்கள், பூட்டும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். நாடாவை வாஷிங் மெஷினில் போடக்கூடாது, பிளீச்சிங்கும் கூடாது. ஈரத்துணியும் லேசான சோப்பும் போதும். பிஸ்கட் தூள் பக்கிளில் இறங்கினால் 'க்ளிக்' சத்தம் மங்கும். வெந்நீரில் அலசிக் காயவையுங்கள், எண்ணெய் விடாதீர்கள்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் மழைவெள்ளத்தில் காருக்குள் நீர் ஏறி சீட் மூழ்கியிருந்தால், நாடாவும் உள் ஃபோமும் சேற்றுநீரை உறிஞ்சியிருக்கும், பக்கிள் ஸ்பிரிங்கில் துரு பிடிக்கும். கழுவிக் காயவைத்தாலும் நம்ப முடியாது. விபத்தில் அடிபட்ட சீட்டுக்கும் இதே முடிவுதான். குப்பையில் போடும் முன் நாடாக்களைக் கத்தியால் முழுதாக அறுத்துவிடுங்கள். அப்படியே வைத்தால் வேறு யாராவது எடுத்துத் தங்கள் காரில் மாட்டிவிடுவார்கள்.