'என்னோடு வேலை செய்வது எப்படி' என்று எழுதும் மேனேஜர்கள் செய்யும் தவறுகள்

சாஃப்ட்வேர் டீமை நடத்துகிறவர்கள் சிலர், தங்களோடு வேலை செய்வது எப்படி என்று ஒரு பக்கம் எழுதி டீமுக்குக் கொடுக்கிறார்கள். மேனேஜர் ரீட்மீ என்பார்கள். கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இப்படி எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிலேயே வைத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் பல பக்கங்கள் சுயபுராணமாக முடிந்துவிடுகின்றன.

"நான் நேர்மையை மதிப்பவன், வெளிப்படையானவன்" என்று படித்துவிட்டு ஒரு டெவலப்பர் நாளைக் காலை என்ன செய்வார்? லீவுக்கு அனுமதி கேட்க வேண்டுமா, சொன்னால் போதுமா, ப்ரொடக்ஷன், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சிஸ்டம், விழுந்தால் ராத்திரி போன் செய்யலாமா, ரிலீஸ் தள்ளிப்போகும் என்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இதெல்லாம்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, "ராத்திரி மெசேஜ் போட்டாலும் உடனே பதில் வேண்டாம்" என்ற வரி. நானும் எழுதியிருந்தேன். எங்கள் டீமில் பாதி சென்னை, பாதி சான் பிரான்சிஸ்கோ. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே ராத்திரி ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. ஒருநாள் அவர்களோடு பேசும் மீட்டிங் கால் முடிந்து ராத்திரி 11.40க்கு, சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பையனிடம் டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் ஒரு க்வெரியைக் காட்டி "இந்த க்வெரி ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது?" என்று டீம் மெசேஜ் அனுப்பும் ஸ்லாக்கில் கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் 2.15க்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சரிபார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை), தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸ் சேர்த்து, டெஸ்ட்டும் எழுதி, கீழே "சாரி சார், லேட் ஆயிடுச்சு". அந்த சாரி இன்னும் உறுத்துகிறது. நாம் சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாலும் அவர்கள் காதில் அது உத்தரவாகத்தான் விழும், எங்கோ எழுதி வைத்த ஒரு வரியால் அது மாறாது. இப்போதெல்லாம் மறுநாள் காலை 9.30க்குப் போகும்படி ஸ்லாக்கிலேயே ஷெட்யூல் செய்துவிடுகிறேன்.

"நான் கொஞ்சம் நேரடியாகப் பேசுவேன், தப்பாக எடுத்துக்க வேண்டாம்" என்பது முன்ஜாமீன். பத்துப் பேர் நடுவில் ஒருவரைக் கடிந்துகொள்ள அது லைசென்ஸ் ஆகாது. அதற்குப் பதில் "டிசைனில் குறை இருந்தால் டாக்குமெண்டில் கமெண்டாகப் போடுவேன், உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நாம் இருவர் மட்டும் பேசும் ஒன்-ஆன்-ஒன்னில் மட்டும் சொல்வேன்" என்று எழுதுங்கள். மீறினால் டீம் உங்களைக் கேட்க முடியும்.

அப்புறம், எழுதிக் கொடுத்ததோடு விட்டுவிடுவது. டீமில் இருப்பவர்களுக்கும் பழக்கங்கள் உண்டு. பாராட்டை எல்லார் முன்னாலும் சொன்னால் கூசிப்போகிறவர் இருப்பார், காலை பத்தரைக்கு முன் குழந்தையைப் பள்ளியில் விடப் போகிறவர் இருப்பார். முதல் வாரமே கேளுங்கள். உங்களைப் பற்றிப் பொதுவாகக் கேட்டால் "எல்லாம் ஓகே சார்" என்றுதான் வரும், அதனால் "இந்தப் பக்கத்தில் நான் எந்த வரியை மீறினேன்?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது எங்கள் டீமில் ஒருவர் 'ஒன்-ஆன்-ஒன்னைத் தள்ளிவைக்க மாட்டேன்' என்ற வரியைக் காட்டி, "இந்த மாசம் மூணு தடவை சார்" என்றார். அடுத்த வாரமே அதைச் செவ்வாய் பகல் 12 மணிக்கு மாற்றினேன். சான் பிரான்சிஸ்கோவில் அப்போது ராத்திரி பத்து தாண்டியிருக்கும், அங்கிருந்து கால் வராது.