மர ஆர்க்கிட்டுக்கு மண் வேண்டாம்

மரக்கிளையில் வளரும் நாட்டு ஆர்க்கிட் கைக்கு வந்ததும் பலர் தேடுவது தொட்டியும் மண்ணும்தான். இதற்கு மண் ஆகாது; காற்றோட்டம் இல்லாமல் வேர் அழுகிவிடும். பட்டை உரியாத, சொரசொரப்பான மரத்தில், இளவெயில் படும் பக்கமாக வைத்துப் பருத்தித் துணி நாடாவால் அசையாமல் கட்டுங்கள். அசைந்தால் புது வேரின் நுனி அடிபட்டு மரத்தைப் பற்றாமல் போகும். மழைக்காலத் தொடக்கம் நல்ல நேரம். மரத்துக்குக் கெடுதல் வருமோ என்ற பயம் வேண்டாம், இது ஒட்டுண்ணி இல்லை.

தண்ணீர் எப்போது? வேரைப் பாருங்கள். காய்ந்தால் வெளிறியிருக்கும், நனைந்தால் பச்சையாகும். வெளிறிய பிறகு தெளித்தால் போதும். அப்புறம் உரம், நன்றாக நீர்க்கவைத்து எப்போதாவது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: காட்டிலிருந்து பிய்த்து வராதீர்கள். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் நுண்விதைகள் இருந்தாலும், அவற்றில் சேமித்த உணவு கிடையாது. காட்டில் உரிய பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும்; பூக்கும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். பிடுங்கிய ஒரு செடியின் இடம் எளிதில் நிரம்பாது. ஆய்வகத்தில் விதையிலிருந்து வளர்த்த கன்றுதானா என்று கேட்டு வாங்குங்கள்.