கண் தாவுவதை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

முகம் பார்க்கும் கண்ணாடியும் ஒரு செல்போனும் போதும். கண்ணாடியில் முதலில் உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், அப்புறம் வலது கண்ணை, திரும்பவும் இடது. விழி நகர்வது தெரிகிறதா? எத்தனை தடவை முயன்றாலும் தெரியாது. சரி, இதையே செய்தபடி செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டுப் பாருங்கள், விழி வெடுக்கென்று தாவுவது பளிச்சென்று தெரியும். வினாடிக்கு சுமார் 3 தடவை நாம் இப்படித் தாவுகிறோம், அந்த நேரத்தில் விழித்திரையில் இழுபடும் காட்சியை மூளை நமக்குத் தெரியாமல் அமுக்கிவிடுகிறது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் வெளி ஓரத்தில், இமையின் மேல் விரல் நுனியை வைத்து மிக மென்மையாக அழுத்துங்கள். (கண்ணில் ஆபரேஷன் ஆனவர்கள், ஏதாவது கண் நோய் இருப்பவர்கள், கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம்.) அறையே ஆடும்! கண் தானாகத் தாவும்போது ஆடாத அறை, விரல் லேசாகத் தள்ளினால் மட்டும் ஏன் ஆடுகிறது? கண் தசைக்குக் கட்டளை போகும்போதே அதன் நகல் ஒன்று மூளையின் மற்ற பகுதிகளுக்கும் போய்விடுகிறது, 'இப்போது நகரப்போவது கண்தான், உலகம் இல்லை' என்று சொல்லிவைப்பது மாதிரி. விரல் தள்ளும்போது அந்த நகல் கிடையாது.

இந்த நகல் போகும் ஒரு பாதையை மூளை ஆய்வாளர்களான சாமரும் வுர்ட்ஸும் 2002இல் குரங்குகளிடம் காட்டினார்கள். நடுமூளையில் உள்ள சுப்பீரியர் காலிகுலஸ் என்ற பகுதியிலிருந்து, மூளையின் உள்ளே நடுவில் இருக்கும் தலாமஸ் வழியாக மூளையின் முன்பகுதிக்குப் போகிறது அது. தலாமஸில் அந்த இடத்தை மருந்தால் தற்காலிகமாக அடக்கிவிட்டு, குரங்கின் கண்ணை அடுத்தடுத்து இரண்டு இடங்களுக்குத் தாவவைத்தார்கள். முதல் தாவல் சரியாகவே இருந்தது, இரண்டாவது பிசகியது, ஏனென்றால் கண் ஏற்கெனவே எங்கே வந்து நிற்கிறது என்ற தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை.

எந்தப் பக்கம் தாவுவது என்பதும் ஒரு முடிவுதான். ஷாட்லென், நியூசம் என்ற ஆய்வாளர்கள் குரங்குகளுக்குத் திரையில் சிதறி ஓடும் புள்ளிகளைக் காட்டி, மொத்தத்தில் அவை ஓடும் பக்கம் கண்ணைத் திருப்பவைத்தபோது, மூளையின் பக்கச்சுவர்ப் பகுதியில் சில நியூரான்களின் (நரம்புச் செல்களின்) துடிப்பு, புள்ளிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதற்கான ஆதாரம் சேரச் சேரப் படிப்படியாக ஏறியது.

கடைசியாக, வெறும் சுவரில் இடமிருந்து வலமாகக் கண்ணை வழுக்கிக்கொண்டு போகப் பாருங்கள், பக்கத்தில் ஒருவரை உங்கள் விழியைக் கவனிக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டுத்தான் போகும். இப்போது அவர் விரலை மெல்ல நகர்த்தட்டும், நீங்கள் அதைத் தொடருங்கள். விழி எண்ணெய் விட்டதுபோல் ஓடும்.