டேஷ்போர்டில் எரியும் கியர் அம்பு: புதிதாக ஓட்டுபவர் அதை எப்படிப் பயன்படுத்துவது?

கையால் கியர் மாற்றும் புதிய கார்களில் வேகமானிக்கு அருகே ஒரு சிறிய அம்புக்குறியும் ஓர் எண்ணும் அவ்வப்போது எரிந்து அணைவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் பயிற்சிக்குப் பெரும்பாலும் பழைய வண்டிகளே பயன்படுவதால், புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு அந்த அம்பைப் பற்றி யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் சிலர் அதை ஒரு நாளும் கண்டுகொள்வதில்லை. சிலரோ அது எரிந்தவுடன் கியரை மாற்றியே ஆகவேண்டும் என்று பதறுகிறார்கள். சமதளச் சாலையில், அதுவும் ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில், அது நல்ல துணை என்பதே என் முடிவு. முந்தும்போதும் மலைச் சாலையிலும் அதன் பேச்சைக் கேட்கக் கூடாது. இந்த வேறுபாட்டை உங்கள் வண்டியிலேயே சோதித்துப் பழகும் முறையைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

அந்த அம்பு எதற்காக வந்தது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காக ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே தன் ‘ஃபார்மெல் ஈ’ வகைக் கார்களில் இத்தகைய விளக்கைப் பொருத்தியது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டின் 661ஆம் எண் ஒழுங்குமுறையின் வழியாக, கையால் கியர் மாற்றும் பயணிகள் கார்களில் இதைக் கட்டாயமாக்கியது. 2012 நவம்பர் 1 முதல் புதிதாக ஒப்புதல் பெறும் மாடல்களுக்கும், 2014 நவம்பர் 1 முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது பொருந்தியது. புகையையும் எரிபொருள் செலவையும் குறைப்பதே அதன் நோக்கம். ஆகவே அம்பு சொல்வது சிக்கனத்துக்கான யோசனை மட்டுமே. இந்த நொடியில் எந்தக் கியர் பாதுகாப்பானது என்று அது சொல்வதில்லை.

முதல் படி: வண்டியை நிறுத்திவைத்துக் கையேட்டைப் படியுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். அம்புக்குப் பக்கத்தில் தெரியும் எண் எதைக் குறிக்கிறது என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில வண்டிகளில் அது நீங்கள் இப்போது இருக்கும் கியர். வேறு சிலவற்றில் நீங்கள் போகவேண்டிய கியர். மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ‘4’ என்ற எண்ணும் மேல்நோக்கிய அம்பும் தெரிந்தால், முதல் வகை என்று நினைப்பவர் ஐந்தாம் கியருக்குப் போய்விடுவார். கீழ்நோக்கிய அம்பு உங்கள் வண்டியில் உண்டா என்பதையும் பாருங்கள். எல்லா மாடல்களிலும் அது இருப்பதில்லை.

இரண்டாம் படி: அம்புக்கு என்ன தெரியும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது, வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு ஆழமாக மிதித்திருக்கிறீர்கள் ஆகிய மூன்றுதான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு முக்கியமான தகவல்கள். பல வண்டிகளில் நீங்கள் எந்தக் கியரில் இருக்கிறீர்கள் என்பதைக்கூட அது நேராக அறிவதில்லை. எஞ்சின் சுழற்சியை வண்டியின் வேகத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிறது. அத்தகைய வண்டியில் கிளட்சை மிதித்தவுடன் கியர் எண் மறைந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

மேல் கியரில் எரிபொருள் ஏன் மிச்சமாகிறது? பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் ஒரு தட்டு இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் அந்தத் தட்டும் சிறிதளவே திறக்கும். இளநீர் குடிக்கும் குழாயை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பார்த்தால் எவ்வளவு சிரமமோ, அவ்வளவு சிரமத்தோடு எஞ்சின் காற்றை இழுக்கிறது. அந்தச் சிரமத்துக்கும் பெட்ரோல் செலவாகிறது. மேல் கியருக்குப் போனால், அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும், தட்டும் சற்று அகலமாகத் திறக்கும். உறிஞ்சும் சிரமமும் குறைகிறது, உள்ளே நிகழும் உராய்வும் குறைகிறது. இந்தக் கணக்கு சரியானது. கணினி சாலையைப் பார்க்காமலே அதைப் போடுகிறது என்பதுதான் குறை. முன்னே வேகத்தடை இருக்கிறதா, லாரி திரும்புகிறதா என்பது அதற்குத் தெரியாது.

மூன்றாம் படி: முதலில் காதைப் பழக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், போக்குவரத்து இல்லாத சமதளச் சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கார் ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பாட்டையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியரில் சிறிது தூரம் ஓட்டுங்கள். சாதாரணமான சிறிய பெட்ரோல் காரில் எஞ்சின் தோராயமாக 3,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும். இரைச்சல் காதை அடைக்கும். அதே 40இல் மூன்றாம் கியருக்குப் போனால் 2,000 அளவுக்கு இறங்கி, ஒலி சீராகும். நான்காம் கியரில் 1,500 அளவில் இருக்கும். சமதளத்தில் அதுவும் போதுமானதே.

இப்போது அதே வேகத்தில் ஐந்தாம் கியருக்குப் போய், ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்திப் பாருங்கள். சுழற்சி 1,200 அளவுக்கு விழுந்திருக்கும். ஒலி கனத்து, அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல் கேட்கும். கியர் தண்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் நடுக்கம் தெரியும். உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் உருவம் அதிரும். மிதித்தும் வேகம் ஏறாது. வண்டி திணறுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு நொடி உணர்ந்ததும் கியரைக் குறைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் எஞ்சினுக்குக் கெடுதல். குறிப்பாக, உருளைக்குள் (சிலிண்டருக்குள்) நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் ஆழமாக மிதிக்கும்போது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை நேரத்துக்கு முன்பே தீப்பற்றி, பிஸ்டனையே உடைக்கும் அளவுக்கு அழுத்தம் எழக்கூடும்.

என் அக்கா மகனுக்கு நான் ஓட்டக் கற்றுத்தந்தபோது, ஒவ்வொரு முறையும் கியரை மாற்றுவதற்கு அவன் அம்பையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி கண்ணைக் கீழே இறக்கினால், கார் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் பார்வையில்லாமல் ஓடிவிடுகிறது. எனவே ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அந்த அம்பின் மேல் ஒட்டிவிட்டேன். முதல் நாள் அவன் இரண்டாம் கியரிலேயே அலறவிட்டு ஓட்டினான். மூன்று வாரத்தில் ஒலியைக் கேட்டே மாற்றத் தொடங்கினான். பிறகு டேப்பை உரித்தோம். அம்பு எரிவதற்கும் அவன் கை கியர் தண்டுக்குப் போவதற்கும் பெரும்பாலும் ஒரே நேரமாக இருந்தது. எங்கே ஒத்துப்போகவில்லையோ, அங்கே யார் சொல்வது சரி என்பதை இருவரும் பேசிப் பேசித் தீர்த்துக்கொண்டோம். நீங்களும் இப்படிச் செய்து பார்க்கலாம். எச்சரிக்கை விளக்கு எதையும் டேப் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சமதளத்தில் அம்பின் சொல் கேளுங்கள்

புறவழிச் சாலையிலும் நெரிசல் இல்லாத நகரச் சாலையிலும் அம்பு தன் வேலையை நன்றாகவே செய்யும். மேல்நோக்கிய அம்பு எரிந்தால், உடனே மாற்றாமல் முதலில் முன்னே பாருங்கள். அடுத்த பத்து நொடிக்கு இதே வேகத்திலோ இதைவிடக் கூடுதலாகவோ போக முடியும் என்று தோன்றினால் மாற்றுங்கள். வேகத்தடையோ சிவப்பு விளக்கோ பேருந்து நிறுத்தமோ தெரிந்தால், இருக்கும் கியரிலேயே இருங்கள். மாற்றிய கியரை உடனே திரும்பக் குறைப்பதில் கிளட்ச் தேய்வதைத் தவிர வேறு பயன் இல்லை. மாற்றிய பிறகு வண்டி திணறினால், அம்பு என்ன சொன்னாலும் ஒரு கியர் குறைத்துவிடுங்கள். ஐந்து பேரும் மூட்டைமுடிச்சும் ஏறியிருக்கும் நாளில் இது அடிக்கடி நேரும்.

ஐந்தாம் படி: மைலேஜை நீங்களே அளந்து பாருங்கள்

அம்பைப் பின்பற்றியதால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பெட்ரோல் பங்க்கில்தான் அறிய முடியும். குழாய் தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். பாதிக்கு மேல் தீர்ந்ததும், அதே பங்க்கில் அதே குழாயில், மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். எடுத்துக்காட்டாக, 412 கிலோமீட்டர் ஓடி 22.9 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 18 கிலோமீட்டர். அம்பைக் கவனிக்காமல் இரண்டு டேங்க், கவனித்து இரண்டு டேங்க் என்று ஒரே வழித்தடத்தில் ஓட்டிக் குறித்துவையுங்கள். இரண்டாம் கியரை நெடுநேரம் இழுத்துப் பழகியவர்களுக்கு வேறுபாடு தெளிவாகத் தெரியும். காதால் சரியாக ஓட்டுபவர்களுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது.

ஆறாம் படி: முந்தும்போது அம்பை மறந்துவிடுங்கள்

இருவழிச் சாலையில் ஒரு பேருந்துக்குப் பின்னால் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாம் கியரில் போகிறீர்கள். அம்பு எரியவில்லை, சிக்கனக் கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் அந்தக் கியரில் வலப்பக்கம் எடுத்து மிதித்தால் கார் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும், எதிரே வரும் வண்டியோ அதற்குள் நெருங்கிவிடும். ஆகவே பேருந்துக்குப் பின்னால் இருக்கும்போதே மூன்றாம் கியருக்குக் குறைத்து, எதிர்ப்பக்கம் தெளிவாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பிறகு முந்துங்கள். அம்பு உடனே மேலே போகச் சொல்லும். முந்தி முடித்து உங்கள் பக்கத்துக்குத் திரும்பும்வரை அதைப் பொருட்படுத்த வேண்டாம். பாதியில் கிளட்சை மிதித்தால் மிகவும் தேவையான நேரத்தில் இழுவை அறுந்துவிடும்.

ஏழாம் படி: மலை ஏறும்போது

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்குச் சற்று முன்பு, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே இரண்டாம் கியருக்குக் குறைத்துவிட வேண்டும். வளைவைக் கடந்து 30 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும், 2,300 அளவில் எஞ்சின் நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போது, அம்பு ‘3’ என்று சொல்லக்கூடும். கேட்டீர்களானால் சுழற்சி 1,500 அளவுக்கு விழும். ஏற்றத்தில் அந்தச் சுழற்சியில் சிறிய எஞ்சினுக்கு வலு போதாது. வேகம் குறையும், நீங்கள் ஆழமாக மிதிப்பீர்கள், பிறகு அம்பே கீழே இறங்கச் சொல்லும். மறுபடி இரண்டாம் கியருக்கு வருவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். பின்னால் வரும் வண்டியும் நெருங்கியிருக்கும். நீண்ட நேரான துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் மூன்றுக்குப் போங்கள். சரிவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வண்டிகள் சில உண்டு. ஆனால் அடுத்த வளைவை அவையும் அறியா.

எட்டாம் படி: மலை இறங்கும்போது

எட்டுப் படிகளில் உயிரோடு தொடர்புடையது இதுதான். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, அதே கியரில் இறங்குங்கள். அப்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் முழுவதும் விலகியிருக்கும். எஞ்சினுக்குச் சுமை இல்லை, சுழற்சி மட்டும் இருக்கிறது என்று கண்டு, சில வண்டிகளில் அம்பு மேல் கியருக்குப் போகச் சொல்லும். போனால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலு குறைந்து, முழுப் பாரமும் பிரேக்கில் விழும். தொடர்ந்து மிதிப்பதால் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் கொதித்தால், பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விடும்.

சிக்கனத்துக்காகவும் அந்த அம்பைக் கேட்கத் தேவையில்லை. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்டு இறங்கினால், சுழற்சி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும்வரை கணினி எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுற்றுகின்றன. உங்கள் டேஷ்போர்டில் அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டும் பட்டை இருந்தால், இறக்கத்தில் அது முழுதாக நிறைந்து நிற்பதைக் காணலாம். மாறாக, பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்பி நியூட்ரலில் உருட்டுபவரின் வண்டியில், எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கிறது. இறக்கத்தில் எஞ்சினை ஒருபோதும் அணைக்காதீர்கள். பிரேக்கின் உதவி விசையும் பவர் ஸ்டீயரிங்கும் அதோடு போய்விடும்.

பாதையின் அகலம் போதாத இடத்தில், ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். அடிவாரம் வந்ததும் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால், சக்கரத்தைத் தொடாமல் அரை மணி நேரம் ஆறவிட்டுப் புறப்படுங்கள். அடுத்த முறை இன்னும் ஒரு கியர் குறைத்து இறங்குங்கள்.