சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு நாயோடு குடிபோகிறவர்களுக்கு

ஜெர்மனியில் வேலை உறுதியானதும், விமான டிக்கெட்டுக்கு முன்னால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தளர்வு கொடுத்துள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் முதல் ஊசியிலிருந்து பயணம் வரை குறைந்தது நான்கு மாதம் ஆகும். ஆறு மாதம் ஒதுக்கினால் பதற்றம் இருக்காது. பூனைக்கும் இதே விதிதான்.

முதலில் மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் செலுத்தும் அடையாளச் சில்லு. 15 இலக்க எண் கொண்ட, ஐஎஸ்ஓ 11784 தரத்திலான சிப் வேண்டும். அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. இரண்டையும் ஒரே நாளில் போடலாம், ஆனால் சிப் முந்த வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: வருடா வருடம் தவறாமல் ஊசி போட்டிருந்தாலும், சிப்புக்கு முன் போட்டது எதுவும் கணக்கில் வராது. எந்த ஊசி எந்த நாய்க்குப் போடப்பட்டது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. குட்டியாக இருந்தால் 12 வாரம் நிறைந்த பிறகே ஊசி.

ஊசி போட்டு 30 நாள் கழிந்ததும் ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஆணையம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வெறிநோய்க்கான எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐயூ (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஒரே ஒரு ஊசி போட்ட குட்டிகளுக்கு இந்த அளவு எட்டாமல் போவது உண்டு. நேரம் இருந்தால் இரண்டாவது ஊசியும் போட்டு, 30 நாள் விட்டு ரத்தம் எடுப்பதே நல்லது. ஒவ்வொரு முறையும் மருத்துவரைச் சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லி, எண்ணை நீங்களே சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் அந்த அறிக்கை உங்கள் நாயுடையது ஆகாது.

ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அறிக்கை கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. ஜூன் 10 அன்று சிப்பும் ஊசியும், ஜூலை 13 அன்று ரத்தம் என்றால், அக்டோபர் 14 முதல் பறக்கலாம். சென்னை வெயிலும் ஜெர்மன் குளிரும் கடுமையாக இல்லாத காலம் அது. கத்திரி வெயிலில் பயணம் வைக்காதீர்கள். விமானம் கிளம்பும்வரை கூண்டு தார்த்தளத்தில் காத்திருக்க நேரலாம். இடையில் தடுப்பூசி ஒரு நாள் காலாவதியானாலும் ரத்தப் பரிசோதனை செல்லாது, எல்லாம் முதலிலிருந்து.

அடுத்தது உடல்நலச் சான்றிதழ். ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் உள்ள ஐரோப்பிய ஒன்றியப் படிவத்தை, பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் அரசு மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். அவர் உறுதிசெய்த நாளிலிருந்து 10 நாளுக்குள் நாய் ஐரோப்பாவில் இறங்கியாக வேண்டும். தீபாவளி விடுமுறை நடுவில் வந்தால் இந்தப் பத்து நாள் சட்டென்று சுருங்கிவிடும். நாய் சரக்காகத் தனியே போனாலும், உங்கள் பயணத்துக்கும் அதன் பயணத்துக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. மீறினால் வணிக இறக்குமதிக்கான கடுமையான விதிகள் பொருந்தும்.

கூண்டுக்கு நான்கு அளவு எடுங்கள்: மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, தரையிலிருந்து முன்காலின் முழங்கை மூட்டு வரை, தோள்பட்டை அகலம், நிற்கும்போது தலை அல்லது காது நுனி உயரம். முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைச் சேர்த்தால் நீளம். தோள்பட்டையின் இரு மடங்கு அகலம். கடைசி அளவோடு விரிப்பின் தடிமன் சேர்ந்தது உயரம். 70, 30, 20, 58 செ.மீ. அளவுள்ள நாட்டு நாய்க்கு உள்ளளவு 85, 40, சுமார் 61 செ.மீ. வேண்டும். நான்கு பக்கமும் காற்றுத் துளை, மேல், கீழ்ப் பாதிகளை இணைக்கும் உலோகத் திருகாணி, வெளியிலிருந்தே நிரப்பக்கூடிய தண்ணீர்க் கிண்ணம் அவசியம். கிண்ணத் தண்ணீரை முந்தைய இரவே உறைய வைத்தால் தூக்கும்போது சிந்தாது, மெல்ல உருகிக் குடிக்கக் கிடைக்கும்.

கூண்டைக் கடைசி வாரம் வாங்காதீர்கள். மாதக்கணக்கில் முன்பே வாங்கி, கதவைக் கழற்றி, அதனுள்ளேயே சோறு வையுங்கள். தானாக உள்ளே போய்த் தூங்கும் நாய்தான் பயணத்துக்குத் தயாரானது. தூக்க மருந்து வேண்டவே வேண்டாம். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் மந்தமாக்கும். மருந்து கொடுத்த நாயை விமான நிறுவனங்கள் ஏற்றுவதும் இல்லை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறல் அபாயம் அதிகம். பல நிறுவனங்கள் அவற்றை மறுப்பதால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிட்புல், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷையர், ஸ்டாஃபோர்ட்ஷையர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கு வகைகளையும் அவற்றின் கலப்பையும் ஜெர்மனிக்குள் கொண்டுவரத் தடை உண்டு. நாட்டு நாய்க்கு மருத்துவச் சீட்டில் மேலோட்டமாக "டெரியர் கலப்பு" என்று எழுத விடாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நாய்க்கு அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். போனதும் நகராட்சியில் நாய் வரிக்குப் பதிய வேண்டும். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. அங்கே நாய் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். சிப் எண்ணை, தொலைந்த செல்லப்பிராணிகளைக் கண்டுபிடிக்க உதவும் டாஸோ பதிவேட்டில் இலவசமாகச் சேர்த்துவிட்டு, உள்ளூர் மருத்துவரிடம் ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட் கேளுங்கள். அடுத்த தடுப்பூசித் தேதியை அவர் அதில் குறித்துத் தருவார்.