ஊருக்குப் போகிறீர்களா? கல்வெட்டையும் காணிப் பெயரையும் கேட்டு வாருங்கள்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போகும் எங்கள் குடும்பங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று கிழமை லீவுதான். கொழும்பு, நுவரெலியா, நயினாதீவு, கசூரினா கடற்கரை என்று நாட்கள் போய்விடும். அம்மம்மாவோடு இருந்து கதைக்க மிஞ்சுவது சில பின்னேரங்கள். அவற்றையும் விருந்துச் சாப்பாடு எடுத்துக்கொள்ளும். ரிக்கெற் போடும்போதே, எங்கும் போகாமல் வீட்டில் நிற்கும் நாட்கள் என்று நாலைந்தை ஒதுக்கி வையுங்கள். நான் எழுதுவது அந்த நாட்களைப் பற்றி.

பயண விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். விசாவுக்கு அரசாங்கத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதான், ஆனால் வெயிலும் சனமும் கூட, சொந்தக்காரரும் கோயிலிலேயே நிற்பார்கள். மார்கழியில் மழை. தைப்பொங்கலை ஒட்டிப் போக முடிந்தால் நல்லது. கொழும்பிலிருந்து ரயிலில் போங்கள், இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். போரால் நின்றுபோன அந்தப் பாதை 2014 ஒக்ரோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வரை திறந்தது. ஆனையிறவைக் கடக்கும்போது பிள்ளைகளை யன்னல் பக்கம் இருத்துங்கள்.

இனி முக்கியமானது. வெளிக்கிட முன்னம் பிள்ளைகளுக்கு உறவுமுறை சொல்லிக் கொடுங்கள். இங்கே எல்லாரும் அங்கிள், அன்ரி. அங்கே பெரியம்மா, சின்னம்மா, மாமி, மச்சாள். பெரிய தாள் ஒன்றில் குடும்ப மரத்தை வரைந்து, ஒவ்வொருவருக்கும் நேரே ஒரு சின்னப் படம் ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். ஒரு மாதம் பார்த்துக்கொண்டு திரிந்தால் போதும். வாசலில் இறங்கியதும் ஒரு பத்து வயசுப் பிள்ளை ‘மாமி’ என்று சரியான ஆளைப் பார்த்துக் கூப்பிட்டால், அந்த மாமி அன்று முழுக்க அந்தப் பிள்ளையை விடமாட்டா.

சொக்கிலேற்றைக் கொஞ்சம் குறைத்து, பழைய படங்களைக் கொண்டுபோங்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளில் அல்பங்கள் அப்படியே போயின. அதற்கு முன்னர் கனடாவுக்கும் லண்டனுக்கும் தபாலில் வந்த கல்யாணப் படங்கள், சாமத்தியவீட்டுப் படங்கள் எங்களிடம்தான் தப்பியிருக்கின்றன. அவற்றைப் பெரிதாகப் பிரதி எடுத்துக் கொண்டுபோய் மடியில் வையுங்கள். ‘பழைய கதை சொல்லுங்கோ’ என்று கேட்டால், ‘என்னத்தைச் சொல்றது’ என்றுதான் பதில் வரும். படத்தைக் கண்டால் கேட்காமலே கதை வரும். யார் யார் என்று சொல்லச் சொல்லப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்.

கைபேசியில் குரலைப் பதிவு செய்யலாம். முதலில் சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காலையில், தேத்தண்ணி குடித்த பிறகு உட்காருங்கள். மத்தியானம் தாண்டினால் களைத்துவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் சத்தம்தான் பதிவில் பெரிதாகக் கேட்கும். எடுத்த எடுப்பில் போரையும் இழப்பையும் கேட்க வேண்டாம். பள்ளிக்கூடம், கிணறு, அந்தக் காலத்துச் சமையல், கல்யாணம் பேசி வந்த கதை என்று தொடங்குங்கள். மற்றது தானாக வரும்போது வரட்டும். அழுதால் பதிவை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். பேரப்பிள்ளையே கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. அரைகுறைத் தமிழ் என்றாலும் பரவாயில்லை, அதற்காகவே ஆறுதலாகச் சொல்வார்கள்.

அப்புறம், கல்வெட்டு. கல்லில் வெட்டியது அல்ல, ஒருவர் இறந்து 31 ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் அந்தச் சின்ன நினைவு மலரை எத்தனை பேர் பத்திரமாக வைத்திருக்கிறோம்? தேவாரமும் இறந்த திதியைச் சொல்லும் வெண்பாவும் இருக்கும், பல மலர்களில் வம்ச வரலாறும் இருக்கும். பூட்டன், பூட்டி பெயர், எந்த ஊரிலிருந்து யார் வந்து கல்யாணம் கட்டினார், பிள்ளைகள் யார் யார் என்று ஒழுங்காக எழுதிய வேறு ஆவணம் எங்கள் சனத்திடம் அரிது. சாமி அறையிலும் அலுமாரி அடித்தட்டிலும் தேடுங்கள். தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிட்டு மூலப் பிரதியை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள், ஒரே ஒரு பிரதியை நம்பியிருக்கக் கூடாது. ஈழத்து நூல்களையும் நினைவு மலர்களையும் 2005 இலிருந்து இணையத்தில் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற தளத்திலும் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

கல்வெட்டுகளில் பெண்வழிப் பெயர்கள் பாதியில் நின்றுவிடுவது உண்டு. அந்த இடத்தில் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், கைகொடுக்கும். யாழ்ப்பாணத்தில் காணித் துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு, அது உறுதியில் எழுதியிருக்கும். அளவு பரப்பிலும் குழியிலும் இருக்கும்: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் பதிந்த யாழ்ப்பாண வழக்கச் சட்டமான தேசவழமைப்படி முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்று சொத்து வந்த வழியும் தெரியும். நீங்கள் பிறந்த வீடு அம்மம்மாவின் தாய்க்குச் சீதனமாக வந்த காணியில் நிற்கிறது என்றால், அந்தப் பெண்ணின் பெயர் உறுதியில் இருக்கும். மகளோடு அந்தக் காணியில் நின்று அந்தப் பெயரைச் சொல்லுங்கள். வலிகாமம் வடக்கில் இராணுவம் இன்னும் விடுவிக்காத காணிகளும் இருக்கின்றன. அப்படியானால் கிட்ட வரை போய்க் காட்டலாம், முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் உறுதியைக் கேட்டால், ‘காணி பிரிக்க வந்திட்டினம்’ என்று ஊரில் கதை பரவும். ‘பெயரும் பரம்பரையும் எழுதத்தான் கேட்கிறோம்’ என்று எல்லார் முன்னாலும் முதலே சொல்லிவிடுங்கள். உண்மையில் காணி மாற்றம் பேச வேண்டுமென்றால், அதற்கு வேறு நாள், ஒரு சட்டத்தரணி. வேற்று நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது.

ஊரில் நின்றவர்களை மறந்துவிட்டு வராதீர்கள். எங்கள் அம்மாவின் கடைசிக் காலத்தில் இரவில் வந்து துணைக்குப் படுத்தது பக்கத்து வீட்டு அக்கா. நாங்கள் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பினோம், தூக்கி இருத்திக் கஞ்சி பருக்கியது அவதான். இப்படி ஒருவர் உங்கள் வீட்டுக்கும் இருப்பார்: ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தவர், கிணறு இறைத்தவர், வளவைக் கூட்டிக் குலதெய்வத்துக்கு விளக்கு வைத்தவர். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போக முன்னம் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். இருந்து சாப்பிடுங்கள். இவர் எங்களுக்கு என்ன செய்தார் என்று அவர் முன்னாலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காசு கொடுப்பதென்றால் உறையில் போட்டு, மற்றவர்கள் இல்லாத நேரம் கையில் கொடுங்கள். பிள்ளைகளின் படிப்பு, கண் சத்திரசிகிச்சை என்று தேவை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுச் செய்தால் இன்னும் நல்லது.

நீங்கள் வரமுடியாமல் போன செத்தவீடுகளுக்கும் துக்கம் விசாரிக்கப் போக வேண்டும், எத்தனை வருடம் ஆனாலும். இனிப்புப் பெட்டியோடு போக வேண்டாம். பிள்ளைகளுக்கு முன்பே விளக்கிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு காலை குசினிக்கு. மிளகாய், மல்லி வறுத்துத் தூள் இடிப்பதையும் ஒடியல் கூழ் காய்ச்சுவதையும் மகனும் மகளும் கூட நின்று செய்யட்டும். அளவைக் கேட்டால் ‘ஒரு கை’ என்பார்கள். அந்தக் கையிலிருந்து வாங்கித் தராசில் போட்டு எழுதுங்கள்.

திரும்பி வந்த முதல் மாதத்திலேயே குரல்களைக் கேட்டு எழுத்தில் போடுங்கள், தள்ளிப்போட்டால் அது நடக்காது. மரம், படங்கள், காணிப் பெயர்கள், கூழின் அளவு எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, முதல் பிரதியை ஊருக்குத் தபாலில் அனுப்புங்கள். பெயர் பிழைத்திருந்தால் அம்மம்மா தொலைபேசியில் சொல்லுவா. திருத்தங்களைச் சேர்த்த பிறகு உங்கள் பிள்ளைகளுக்கும் சகோதரங்களின் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பிரதி எடுங்கள்.