பழைய மாருதி 800: முதலில் ரப்பர், அப்புறம் ஒயர், பெயின்ட் கடைசியில்

பழைய கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் செலவைச் சீட் கவருக்கும் பெயின்டுக்கும் செய்கிறார்கள். என்னிடம் யோசனை கேட்டு வரும் தெருப் பிள்ளைகளிடம் நான் சொல்வது வேறு. இருபத்தைந்து வருட வண்டியில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெடுவது ரப்பரும் ஒயர் இணைப்பும்தான். கையில் இருக்கிற பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.

நான் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்ட் போட்டு ஓய்வு பெற்றவன். மழை பெய்தால் எங்களுக்கு வேலை வரும். நிலத்தடியில் ஓடும் கம்பி அப்படியே இருக்கும். ஜாயின்டில்தான் பச்சை பூத்திருக்கும். என் காரிலும் அதையேதான் பார்க்கிறேன்.

என்னுடையது 1998 மாடல் மாருதி 800, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் வைத்த வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். இந்தக் கார் 1983 டிசம்பரில் முதலில் வெளிவந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதே இன்ஜின் ஆம்னி வேனிலும் இருந்ததாலும், ஆம்னி 2019 வரை வந்ததாலும், இன்றைக்கும் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது. சென்னையில் புதிய சாமானுக்கு ஜி.பி. ரோடு, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, டேஷ்போர்டு பிளாஸ்டிக் எல்லாம் புதுப்பேட்டையில் வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் குழாய், சீட் பெல்ட் இவற்றில் எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

கருவி அதிகம் வேண்டாம். 8, 10, 12, 14, 17 எண் ஸ்பேனர்கள், ஒரு சாக்கெட் செட், சாதாரண மல்டிமீட்டர், உப்புத்தாள், நல்ல ஜாக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்ட். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைக்கவே கூடாது. ஹாலோ பிளாக் ஒரு முனையில் பாரம் விழுந்தால் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். இன்னொன்று: ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் பயனில்லை. இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி, அதனால் முதல் கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்த பிறகுதான் தூக்க வேண்டும்.

பெட்ரோல் குழாய்

நான் ரப்பர் என்று சொன்னதில் முதலிடம் இதற்குத்தான். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. நம் வண்டி உருவான காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனாலில் பழைய ரப்பர் ஊறி உப்பும், பின் காய்ந்து வெடிக்கும். பானெட்டைத் திறந்து குழாயை இரு விரலால் மடக்கிப் பாருங்கள். வளைவில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அந்தக் குழாயின் ஆயுள் முடிந்தது. தொட்டால் பிசுபிசுத்துக் கையில் கறுப்பு ஒட்டினாலும் அப்படித்தான்.

குழாய் ஒன்று அல்ல. டேங்கிலிருந்து வருவது, திரும்பிப் போவது, ஆவி போவது என்று தனித்தனியாக உண்டு. டேங்க் பக்கத்தில் இருக்கும் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாததால் யாரும் மாற்றுவதில்லை. அங்கேதான் கசிவு தொடங்கும். பழைய குழாயில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எத்தனாலைத் தாங்கும், இன்ஜெக்ஷன் வண்டிகளுக்குப் போடும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். மீட்டருக்கு விலை கூடத்தான் இருக்கும், ஆனால் ஒரு சின்னக் காருக்குத் தேவைப்படுவது சில மீட்டர்தான். கிளிப்பும் புதிதாகப் போடுங்கள்.

வேலை திறந்தவெளியில், இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு. பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடித்ததும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றுங்கள். எத்தனால், டேங்கில் பல வருடம் படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வரும். கொஞ்ச நாளில் ஃபில்டரைத் திரும்பப் பாருங்கள், அடைத்திருந்தால் இன்னொரு முறை மாற்றுங்கள்.

கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய்களையும் விட்டுவிடாதீர்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, வண்டி உதறினால் உடனே கார்புரேட்டரைக் கழற்றத் தேவையில்லை. இன்ஜின் ஓடும்போது குழாய் முனைகளிலும் கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டிலும் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடியுங்கள். எங்கே அடித்ததும் சத்தம் மாறுகிறதோ அங்கே காற்று இழுக்கிறது. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள்.

பிரேக்

இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. புதிய டாட் 3 வகை பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140 வரை இறங்கலாம். ஏற்காட்டிலிருந்தோ ஏலகிரியிலிருந்தோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது சூடு எளிதாக ஏறும். ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. உள்ளே தேங்கிய ஈரம் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும் என்பது வேறு. ஆகையால் பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயிலின் நிறம் டீ டிக்காஷன் போல இருந்தால் முழுதாக மாற்றிவிடுங்கள்.

அதற்கு முன் பின்சக்கர டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கினால் உள்ளே காய்ந்திருக்க வேண்டும். நனைந்திருந்தால் சிலிண்டரையே புதிதாகப் போடுவது நல்லது. பட்டறையில் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்களை மட்டும் மாற்றித் தருவார்கள். சுவரில் துருக்குழி இருந்தால் புது வாஷரையும் அது அறுத்துவிடும். பிரேக் ரப்பரில் சாதாரண கிரீஸோ இன்ஜின் ஆயிலோ படக் கூடாது, ஊதிவிடும்.

சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே வீங்கியிருக்கும். அப்படியானால் மிதித்ததும் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது. ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒரு முன்சக்கரம் மட்டும் கொதித்தால் டிஸ்கைப் பிடிக்கும் காலிப்பரோடு சேர்த்து ஹோஸையும் சந்தேகப்படுங்கள்.

ஆயில் மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் உள்ளே உட்காருவது என் தம்பி மகள். பிரேக் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுவேன். காரணம் இருக்கிறது: மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதானால், அதில் தினமும் மிதி போய்வரும் பகுதி மட்டும் வழவழப்பாக இருக்கும், அதற்கு அப்பால் துரு. மிதியைத் தரை வரை அழுத்தினால் வாஷர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். நல்ல மாஸ்டர் சிலிண்டர் இப்படித்தான் ஒரே நாளில் கெடுகிறது.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரம் முதலில். சக்கரத்தின் பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளில் ஒரு பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வையுங்கள். நான் கீழேயிருந்து “அமுக்கும்மா” என்பேன். அவள் அமுக்கிவிட்டு “பிடிச்சிருக்கேன் பெரியப்பா” என்பாள். அப்போதுதான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன். ஆயில் வந்து நின்றதும் மூடிவிட்டு “விடு” என்பேன். மூடுவதற்கு முன் அவள் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், அதனால் பேச்சு முறையாக நடக்க வேண்டும். டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்று தெளிவான புது ஆயில் வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. பெயின்ட் மேல் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அது பெயின்டை உரித்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. அந்த வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். சரியாக இருந்தால் முதல் ஓட்டம் காலித் தெருவில், நடை வேகத்தில்.

தண்ணீர்

புறநகரில் எங்கள் போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூக்கிறது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் மட்டும் ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மூடியையே மாற்றுங்கள்.

“நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு சார் வால்வு” என்று சொல்லி மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வை, பிடுங்கிப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடச் செலவாகும், தேய்மானமும் கூடும். புதிதாக வாங்கியதைப் பாத்திரத்தில் தண்ணீரோடு கொதிக்க வைத்துப் பாருங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்க வேண்டும்.

ஒயர், அப்புறம் வெளிச்சம்

எதைத் தொடுவதற்கு முன்னும் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. பிளஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

வண்டி நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்கும். இதை எல்லோரும் பார்க்கிறார்கள். யாரும் பார்க்காதது எர்த், அதாவது பேட்டரி மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் தூணிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அரை வோல்ட் காட்டினால் அந்த எர்த் கெட்டிருக்கிறது. 0.2-க்குள் இருந்தால் நல்லது. அதே போலப் பேட்டரிக்கும் பாடிக்கும் பாருங்கள். இணைப்பைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். “செல்ஃப் மோட்டார் போச்சு, பேட்டரி போச்சு” என்று மாற்றச் சொல்லப்பட்ட வண்டிகளில் இந்த வேலையோடு சரியானவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த வண்டிக்கு நான் செய்த மேம்பாடுகளில் மனதுக்கு மிகப் பிடித்தது ஹெட்லைட் ரிலே. சுவிட்சிலிருந்து சின்ன மின்னோட்டம் வந்ததும் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்ச் அது. ஹைபீமில் இரண்டு 60 வாட் பல்ப், அதாவது 10 ஆம்பியர். அத்தனையும் மெல்லிய ஒயரில், பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பல்ப் முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் எவ்வளவு காணாமல் போகிறது என்று தெரிந்துவிடும்.

நாலு பின் ரிலே இரண்டு வாங்குங்கள், ஹைபீமுக்கு ஒன்று, லோபீமுக்கு ஒன்று. பேட்டரி பிளஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 (இவை ரிலே பின்களில் பொறித்த எண்கள்). ரிலேயின் 87-இலிருந்து இரண்டு பல்புக்கும் புது ஹோல்டருக்கு. ஹோல்டரின் பொது முனை நல்ல எர்த்துக்கு. மீதி 85, 86, ரிலேயை இழுக்க வைக்கும் சுருளின் இரு முனைகள். சில ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் சுவிட்ச் பிளஸை விட்டுவிட்டு எர்த் பக்கத்தைத் துண்டிக்கும். அதனால் பழைய சாக்கெட்டின் பொதுக் கம்பியை 85-இலும் ஹைபீம் கம்பியை 86-இலும் கொடுத்துவிடுங்கள். டயோடு இல்லாத சாதாரண ரிலே என்றால் எந்தப் பக்கம் பிளஸ் வந்தாலும் இழுக்கும். லோபீமுக்கும் இதே முறை, அதற்கும் தனி ஃபியூஸ். இன்னொரு பக்கத்துப் பழைய சாக்கெட்டை நன்றாக டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். பல்ப் 60/55 வாட்டாகவே இருக்கட்டும். எல்.இ.டி. பல்பை அந்த ரிஃப்ளெக்டரில் மாட்டினால் வெளிச்சம் சிதறி, எதிரே பைக்கில் வருபவரின் கண்ணைப் பறிக்கும்.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் இருக்கும் நாலு எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் அதுவும் ரப்பர்தான். அகலமான டயர் வேண்டாம். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் கை வலிக்கும், பாடியிலும் உரசும்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், அவை அடைத்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். பேட்டரித் தட்டு, ஜாக்கி வைக்கும் இடம், பின் சஸ்பென்ஷன் பாடியில் சேரும் இடம், இந்த மூன்றிலும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். ஓட்டையை புட்டி போட்டு மூடும் வேலையை அனுமதிக்காதீர்கள். வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அது வீட்டில் ஆகாது. டைமிங் பெல்ட்டையும், பிரேக்கின் இரும்புப் பைப்பையும், வீல் அலைன்மென்டையும்கூட நான் பட்டறைக்கே விடுகிறேன். பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று முந்தைய உரிமையாளருக்குச் சொல்லத் தெரியாவிட்டால், வண்டி கைக்கு வந்த மாதமே மாற்றிவிடுங்கள்.

நிறத்தை மாற்ற ஆசைப்பட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும். கேஸ் கிட்டுக்கும் அப்படியே. தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 15 வருடம் கடந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் பிரேக்கையும் விளக்கையும் பார்ப்பார். வண்டியைக் கொண்டுபோவதற்கு முந்தின நாள் மாலை ஹாரன், வைப்பர், நாலு இன்டிகேட்டர், பிரேக் லைட், நம்பர் பிளேட் பல்ப் எல்லாம் எரிகிறதா, வேலை செய்கிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.